ஜென் பிளாக்கில் எஸ்டீம் கிராங்க் உட்காருமா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, வீட்டில் ஒரு பழைய மாருதி ஜென் இருக்கிறது, 993 சிசி, கார்புரேட்டர் மாடல். புகை தள்ளுகிறது, எப்படியும் எஞ்சினை இறக்கியாக வேண்டும். ஓசூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் எஸ்டீம் எஞ்சின் ஒன்று பிரித்த நிலையில் கிடக்கிறது. அதன் கிராங்க்கையும் பிஸ்டனையும் ஜென் பிளாக்கில் போட்டால் 1300 சிசி ஆகிவிடும் என்று மெக்கானிக் சொல்கிறார். ஆகுமா?"

சிசி கணக்கில் ஆகும். வண்டியில் ஆகுமா என்பது வேறு கணக்கு. அந்த இரண்டாவது கணக்கைப் பட்டறையில் யாரும் போட்டுக் காட்டுவதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எளிதான கணக்கை முடித்துவிடுவோம். பிளாக் என்பது சிலிண்டர் துளைகள் இருக்கும் வார்ப்பு. அந்தத் துளைக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிறது, கீழே இருக்கும் கிராங்க் தண்டு அதைச் சுற்றலாக மாற்றுகிறது. ஒரு சிலிண்டரின் விட்டம் போர். பிஸ்டன் கீழிருந்து மேலே போகும் தூரம் ஸ்ட்ரோக். போரின் வட்டப் பரப்பை ஸ்ட்ரோக்கால் பெருக்கி, எத்தனை சிலிண்டரோ அத்தனையால் பெருக்கினால் சிசி. ஜென் எஞ்சினுக்கு போர் 72 மி.மீ, ஸ்ட்ரோக் 61 மி.மீ, நான்கு சிலிண்டர்: 993. எஸ்டீமுக்கு 74, 75.5: 1298. போர் பிஸ்டனோடு வருகிறது, ஸ்ட்ரோக் கிராங்க்கோடு வருகிறது. ஆகவே பிளாக்கை 74-க்குக் குடைந்து எஸ்டீம் பிஸ்டன் மட்டும் போட்டால் 1049. பிஸ்டனைத் தொடாமல் எஸ்டீம் கிராங்க் மட்டும் போட்டால் 1230. இரண்டும் போட்டால் 1298. மெக்கானிக் சொன்ன எண்ணில் தவறில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பிஸ்டனைப் பெரிதாக்கினால் கிடைப்பது 56 சிசி, கிராங்க்கை மாற்றினால் கிடைப்பது 237. தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் குடையும் சாதாரண ரீபோருக்குப் போடும் 0.50 மி.மீ ஓவர்சைஸ் பிஸ்டனில் ஜென் 1007 சிசி ஆகிறது, அதாவது வெறும் 14 சிசி கூடுதல். "ஓவர்சைஸ் போட்டேன், பிக்கப் பறக்கிறது" என்று சொல்பவர்களுக்குப் பறப்பது புது ரிங்கினால் திரும்பி வந்த கம்ப்ரஷன்தான், அந்த 14 சிசி அல்ல.

பைக் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு இந்த விஷயம் கொஞ்சம் எளிதாகத் தெரியும். யமஹா ஆர்.எக்ஸ் 100 பைக்குக்கு ஆர்.எக்ஸ் 135-இன் பிளாக் போட்ட கதை தர்மபுரி, கிருஷ்ணகிரி முழுக்கத் தெரிந்ததுதான். அங்கே இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 50 மி.மீ. போர் மட்டும் 50-லிருந்து 58 ஆகிறது. சிலிண்டர் பிளாக் தனியாகக் கழன்று வரும், கிராங்க் கேஸ் தனி. காரில் அப்படி இல்லை. நான்கு சிலிண்டரும், கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் இருக்கைகளும் ஒரே வார்ப்பு. ஒன்றைத் தொட்டால் மற்றது பதில் சொல்லும்.

இனி இடிக்கிற கணக்குக்கு வருவோம். கிராங்க்கின் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்முகம், அதாவது சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டின் பேக்கிங் உட்காரும் தளம் வரை உள்ள உயரம் ஒரு நிலையான எண். அந்த உயரத்துக்குள் மூன்று நீளங்கள் அடங்க வேண்டும்: ஸ்ட்ரோக்கில் பாதி, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மையத்துக்கு மைய நீளம், ராடைப் பிஸ்டனில் கோக்கும் பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம். மூன்றையும் கூட்டினால் பிளாக் உயரத்துக்குச் சமமாகவோ, ஒரு மயிரிழை குறைவாகவோ வர வேண்டும். கூடினால் பிஸ்டன் பிளாக்கை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும், ஹெட்டில் அடிக்கும். ரொம்பக் குறைந்தால் கம்ப்ரஷன் செத்துவிடும்.

ஜெனுக்கும் எஸ்டீமுக்கும் ஸ்ட்ரோக் வித்தியாசம் 14.5 மி.மீ. பாதி 7.25. ஜென் பிளாக்கில் ஜென் ராடு, ஜென் பிஸ்டனை அப்படியே வைத்து எஸ்டீம் கிராங்க்கை மட்டும் போட்டால் பிஸ்டன் முன்பைவிட 7.25 மி.மீ மேலே ஏறும். நிறையப் பேர் 14.5 முழுதும் மேலே ஏறும் என்று நினைக்கிறார்கள். இல்லை, பாதி மேலே, பாதி கீழே. ஆனால் 7.25 என்பதே ஒரு பென்சில் கனம். பிஸ்டன் தலையில் அவ்வளவைக் கடைந்தெடுக்க முடியாது. மேல் ரிங்கின் பள்ளத்துக்கு மேலே இருக்கும் சதையே பெரும்பாலும் அவ்வளவு இருக்காது. அப்படியானால் ராடு குட்டையாக வேண்டும், அல்லது பின் துளை மேலே ஏறியிருக்கும் வேறு பிஸ்டன் வேண்டும், அல்லது உயரமான பிளாக் வேண்டும். உயரமான பிளாக் என்றால் அது எஸ்டீம் பிளாக். அப்போது அது கலப்பு எஞ்சின் அல்ல, முழு எஸ்டீம் எஞ்சின்.

இந்தக் கூட்டல் சரியாக வந்த புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8 குடும்பத்தில் 350 கன இன்ச் எஞ்சினுக்கு ஸ்ட்ரோக் 3.48 இன்ச், 400 கன இன்ச் எஞ்சினுக்கு 3.75. பிளாக் உயரம் இரண்டுக்கும் 9.025 இன்ச். 350-இல் பாதி ஸ்ட்ரோக் 1.74, ராடு 5.7, பிஸ்டன் உயரம் 1.56. கூட்டினால் 9.00. அதே பிளாக்கில் 400-இன் கிராங்க்கைப் போட்டால் பாதி ஸ்ட்ரோக் 1.875 ஆகிவிடுகிறது. ராடு அதே 5.7. அப்படியானால் பிஸ்டன் உயரம் 1.425 இருந்தால்தான் மறுபடியும் 9.00 வரும். அந்த உயரத்தில் பிஸ்டன் செய்தே விற்கிறார்கள். போரையும் 0.030 இன்ச் கூட்டிக்கொண்டால் 383 கன இன்ச். அங்கே உள்ள பட்டறைகளில் இது சாதாரண வேலை.

அதிலும் கிராங்க் நேராக உட்காரவில்லை என்பதைப் பாருங்கள். 400-இன் மெயின் ஜர்னல், அதாவது கிராங்க் பேரிங்கில் உட்கார்ந்து சுற்றும் பகுதி, 2.65 இன்ச், 350 பிளாக்கின் இருக்கை 2.45 இன்ச் ஜர்னலுக்கானது. ஆகவே கிராங்க்கைக் கிரைண்டிங்கில் கொடுத்து 0.2 இன்ச் குறைக்க வேண்டும். இன்னொன்று, 400-இன் பேலன்ஸ் எடை கிராங்க்கின் முன்பக்கம் அதிர்வை அடக்கும் டாம்பரிலும் பின்பக்க ஃபிளைவீலிலும் பகிர்ந்து வைக்கப்பட்டது. கிராங்க்கை மட்டும் கழற்றி வந்தால் போதாது, அந்த இரண்டும் கூடவே வர வேண்டும். ஒரே குடும்பத்து எஞ்சின், ஒரே பிளாக் உயரம், கடையில் கிடைக்கும் பிஸ்டன், இவ்வளவு சாதகம் இருந்தும் இத்தனை வேலை.

அதே குடும்பத்தில் எதிர்த்திசையிலும் செய்திருக்கிறார்கள், எனக்கு அதுதான் இன்னும் பிடித்தது. 1967-இல் ஷெவர்லே கமாரோ இசட்/28 என்ற காரில், 327 எஞ்சினின் 4 இன்ச் போரையும் 283 எஞ்சினின் 3 இன்ச் கிராங்க்கையும் சேர்த்து 302 கன இன்ச் எஞ்சின் செய்தார்கள். ஸ்ட்ரோக்கைக் குறைத்து சிசியைக் குறைத்தார்கள்! காரணம், அவர்கள் ஓட விரும்பிய பந்தயத்தில் 305 கன இன்ச், அதாவது 5 லிட்டர்தான் உச்சவரம்பு. குறைந்த ஸ்ட்ரோக் என்பதால் எஞ்சின் நன்றாகச் சுற்றவும் செய்தது.

இங்கிலாந்தில் மினி கூப்பர் எஸ் காரும் அதே ஆட்டம்தான். போர் 70.6 மி.மீ, மூன்று கிராங்க், அதற்கேற்ப 970, 1071, 1275 என்று மூன்று சிசி. நம் அம்பாசடரில் ஓடிய 1489 சிசி எஞ்சின் பி.எம்.சி என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பி சீரிஸைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் தலைகீழ்: ஸ்ட்ரோக் 88.9 மி.மீ மாறாமல் நிற்க, போர் மட்டும் ஏறி ஏறி 1622, 1798 என்று வளர்ந்தது.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால் நம் ரோட்டில் ஓடுவதையே பாருங்கள். ஸ்விஃப்ட்டில் வந்த கே12 எஞ்சினுக்கு போர் 73, ஸ்ட்ரோக் 71.5, 1197 சிசி. முதல் எர்டிகாவின் கே14-க்கு போர் அதே 73, ஸ்ட்ரோக் 82, 1373 சிசி. ஹோண்டாவில் பிரியோ, ஜாஸின் 1198-க்கும் பழைய சிட்டியின் 1497-க்கும் போர் அதே 73தான். டாடா இண்டிகாவின் 1405 சிசியில் போர் 75, ஸ்ட்ரோக் 79.5. பிறகு ஸீட்டா என்ற பெயரில் 1193 சிசி வந்ததே, அதில் போர் 75-ஐத் தொடவில்லை, ஸ்ட்ரோக்கை 67.5 ஆக்கிவிட்டார்கள்.

ஏன் எல்லோரும் 1193, 1197, 1198 என்று 1200-க்கு முன்னால் வந்து பிரேக் போடுகிறார்கள் என்று யோசித்ததுண்டா? 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் இருக்கும் கார்களில் பெட்ரோலுக்கு 1200 சிசி, டீசலுக்கு 1500 சிசி வரை எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். ஜி.எஸ்.டி வந்த பிறகும் அந்த 1200 கோடு இருக்கிறது. கமாரோவுக்குப் பந்தய விதி செய்ததை இங்கே வரி செய்தது. ஆக, கிராங்க்கை மாற்றி சிசியைக் கூட்டிக் குறைப்பது ஒன்றும் பட்டறைக் குறும்பு அல்ல, கம்பெனிகளே செய்வதுதான். ஆனால் அவர்கள் ஒரு எண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு, மற்ற எண்களை அதற்காகப் புதிதாக வரைகிறார்கள். புது ராடு, புது பிஸ்டன், தேவைப்பட்டால் புது பிளாக் உயரம். நீங்கள் இரும்புக் கடையில் கிடப்பதை வைத்து அதே வேலையைச் செய்யப் பார்க்கிறீர்கள். எண்கள் தற்செயலாகப் பொருந்தினால் அதிர்ஷ்டம்.

"ரெண்டும் சுசூகி ஜி சீரிஸ்தானே, பொருந்தாதா?" என்று கேட்பீர்கள். குடும்பப் பெயரை நம்பாதீர்கள். அதே ஜி குடும்பத்தில் 74 போர், 77 ஸ்ட்ரோக், மூன்று சிலிண்டர் என்று ஒரு 993 சிசி எஞ்சின் வெளிநாட்டில் ஓடியது. உங்கள் ஜெனும் 993. பிளாக்கையோ கிராங்க்கையோ மாற்றிப் போட முடியாத இரண்டு எஞ்சின்களுக்கு ஒரே சிசி!

சரி, ஏதோ ஒரு வழியில் உயரக் கணக்கு பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து கம்ப்ரஷன். ஜெனில் ஒரு சிலிண்டருக்கு 248 சிசி. கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள மொத்த இடம், மேலே வரும்போது மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) 9 என்று கணக்குக்கு எடுத்துக்கொண்டால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சம் இருக்கும் இடம் 31 சிசி. இப்போது 75.5 ஸ்ட்ரோக்கில் அதே சிலிண்டர் 307 சிசியை இழுக்கிறது. ஹெட்டும் பிஸ்டன் தலையும் பழையபடியே என்றால், அதே 31 சிசிக்குள் அதை அமுக்க வேண்டும். விகிதம் 10.9. சாதாரண பங்க் பெட்ரோலில், கார்புரேட்டரும் பழைய டிஸ்ட்ரிபியூட்டரும் வைத்துக்கொண்டு இதை ஓட்டினால் மேலுமலை ஏற்றத்திலேயே எஞ்சின் டிங்டிங் என்று தட்ட ஆரம்பிக்கும். சேலத்திலிருந்து தொப்பூர் ஏறும்போது நான்கு பேரும் ஏ.சி-யும் இருந்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழவும் வாய்ப்பு உண்டு. ஸ்பார்க் டைமிங்கைப் பின்னால் தள்ளி அந்தத் தட்டலை, அதாவது நாக்கிங்கை, அடக்கலாம். ஆனால் அப்படி அடக்கும்போது கூட்டிய சிசியில் பாதியை நீங்களே திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். குழிவான தலை கொண்ட பிஸ்டன் போட்டுத்தான் இதைத் தீர்க்க வேண்டும், ஹெட் பேக்கிங்கை இரட்டையாகப் போட்டு அல்ல. இரட்டைப் பேக்கிங் வேலையை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. இன்றில்லாவிட்டால் நாளை ஊதிவிடும்.

பிஸ்டனின் வேகமும் ஏறும். 6000 ஆர்.பி.எம்-இல் 61 ஸ்ட்ரோக் கொண்ட பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12.2 மீட்டர். 75.5-இல் அது 15.1. இதைத் தாங்குவதற்கென்று செய்த ராடும் போல்ட்டும் இருந்தால் 15 ஒன்றும் பயப்படும் எண் அல்ல, எஸ்டீம் அதில்தான் ஓடியது. ஆனால் ஜென் ராடு 61-க்காகச் செய்தது. தவிர, ஜெனை ஓட்டியவர்களுக்குத் தெரியும், அது தயங்காமல் சுற்றிக்கொண்டே மேலே போகும். போர் பெரியது, ஸ்ட்ரோக் குட்டை என்பதற்கு அந்தச் சுகத்தில் பெரிய பங்கு இருக்கிறது. அதை விற்றுத்தான் இழுவை வாங்குகிறீர்கள்.

பிளாக்கைக் குடைவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜி சீரிஸ் பிளாக் அலுமினியம், உள்ளே இரும்பு லைனர். 72-ஐ 74 ஆக்கினால் சுற்றிலும் 1 மி.மீ போகிறது. ஏற்கெனவே ஒருமுறை ரீபோர் ஆன பிளாக் என்றால் மிச்சம் என்ன கனம் என்று பார்க்காமல் போரிங் மெஷினில் ஏற்றக் கூடாது. மெலிந்த சுவர் சூட்டில் வளையும், ரிங் பிடிக்காது, ஆயில் குடிக்கும். புகையை நிறுத்தத்தானே எஞ்சினை இறக்குகிறீர்கள்?

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை போகவில்லை என்றால், காசு கொடுத்து வாங்கும் முன் அளந்து பாருங்கள். கிருஷ்ணகிரியில் முடியாவிட்டால் ஓசூர் சிப்காட் பக்கம் நல்ல அளவுக் கருவிகளோடு லேத்துக்கடைகள் இருக்கின்றன. ஜென் பிளாக்கைச் சுத்தமாகக் கழுவி, மேல்முகம் மேலே இருக்கும்படி பெஞ்சில் வையுங்கள். எஸ்டீம் கிராங்க்கின் மெயின் ஜர்னலை மைக்ரோமீட்டரில் அளந்து பேரிங் இருக்கையோடு ஒப்பிடுங்கள். அகலமும் பார்க்க வேண்டும், விட்டம் மட்டும் போதாது. அடுத்து ராடின் பெரிய முனை மாட்டும் பிக் எண்ட் ஜர்னல், அடுத்து பிஸ்டன் பின்னின் விட்டம். பிஸ்டன் பின் ராடில் அழுத்தி ஏற்றியதா, இரண்டு பக்கமும் லாக் போட்டதா என்பதையும் பாருங்கள். இரண்டையும் கலக்க முடியாது. கிராங்க் உட்கார்ந்துவிட்டால், ரிங் போடாமல் ஒரே ஒரு பிஸ்டனை ஒரு ராடோடு மாட்டுங்கள். பிளாக் முகத்தில் டயல் கேஜை நிறுத்தி, கிராங்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வந்து, ஒரு கணம் நின்று, கீழே திரும்பும் இடத்தில் ஊசி காட்டும் எண்தான் உங்களுக்குத் தேவையான பதில். முகத்துக்கு மேலே என்றால் எவ்வளவு, கீழே என்றால் எவ்வளவு. பின் துளையில் சற்று ஆட்டம் இருக்கும், அதனால் பிஸ்டனின் இரண்டு ஓரத்திலும் எடுத்துச் சராசரி போடுங்கள்.

அப்படியே முழுச் சுற்றும் சுற்றிக் கீழேயும் பாருங்கள். பெரிய ஸ்ட்ரோக் கிராங்க்கில் ராடு போல்ட்டின் தலை சிலிண்டரின் அடி விளிம்பில் உரசும். பிஸ்டன் கீழே வரும்போது அதன் பாவாடை, அதாவது அடிப்பகுதி, கிராங்க்கின் எதிர் எடையில் இடிக்கும். ஆயில் சம்ப்பிலும் இடம் போதாமல் போகும். கையால் சுற்றும்போது சின்னதாக ஒரு தடங்கல் தெரிந்தாலும் அதைக் கிரைண்டர் வைத்துத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கடைசியாக, பிஸ்டன் தலையில் கொஞ்சம் களிமண் வைத்து, ஹெட்டைப் பழைய பேக்கிங்கோடு பூட்டி, டைமிங் பெல்ட் போட்டு இரண்டு சுற்று சுற்றிக் கழற்றினால், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சம் என்று களிமண்ணின் கனமே சொல்லிவிடும்.

கார்புரேட்டர் ஜெட், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் அப்புறம். கிராங்க்கை மட்டும் மாற்றினாலே காற்று ஏறக்குறைய 24 சதவீதம் கூடுகிறது, பெட்ரோலும் அந்த அளவுக்குக் கூட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆர்.சி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆர்.சி-யில் சிசி எழுதியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து ஆர்.சி விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கிராங்க்கை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள் என்பீர்கள். ரோட்டில் பார்க்க மாட்டார்கள்தான். ஆனால் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 1000 சிசி வரை ஒரு விலை, 1000-லிருந்து 1500 வரை வேறு விலை. 993-க்குப் பணம் கட்டிவிட்டு 1230-இல் ஓடுகிறீர்கள். பெரிய விபத்து ஒன்றில் எஞ்சின் பிளந்து கிடந்தால் சர்வேயர் அதை அளக்க எவ்வளவு நேரம் ஆகும்? ரீபோர் செய்து 1007 வருவதற்கு இந்தத் தொல்லை இல்லை, அது ரிப்பேர் அளவு.

என் கருத்து: ஜெனுக்கு 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், புது பேரிங், நல்ல வால்வு வேலை. வண்டி புதிதாக வாங்கிய காலத்து ஓட்டத்துக்குத் திரும்பிவிடும், இத்தனை ஆண்டுகளில் அது எப்படி ஓடியது என்பதையே மறந்திருப்பீர்கள். பந்தயத்துக்கு மட்டும், டிரெய்லரில் ஏற்றிப் போகும் வண்டி என்றால் கதை வேறு. அதற்கும் கலப்பு வேண்டாம், அந்த எஸ்டீம் எஞ்சினை முழுதாக எடுங்கள்.

கிராங்க்கை வாங்கியே தீருவேன் என்றால், இரும்புக் கடைக்காரரிடம் முன்பணம் கொடுக்கும் முன் நான்கு எண்கள் எடுத்து வாருங்கள்: இரண்டு ராடின் மைய நீளம், இரண்டு பிஸ்டனின் பின் உயரம். ஜென் பிளாக்கின் உயரத்தையும் லேத்துக்கடையில் ஒருமுறை எடுத்துவிடுங்கள். கூட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.